கலன்மேல் வைத்த பொட்டு

ஃபிர்தௌஸின் அம்மா அஸ்மத்துன்னிசா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பிறகுதான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. மசூதியின் பாங்கு சமையலறை வரை கேட்கும். முதல் மாடியில் இரண்டு அறைகள். காலையில் நான் வந்ததும் ஃபிர்தௌஸ் வேலைக்குக் கிளம்புவாள். மாலையில் அவள் வந்ததும் நான் கிளம்புவேன். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பைத் துடைப்பது, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, வேளைக்கு மாத்திரை. வீட்டாரின் கதையைக் கேட்பது என் வேலையில் சேராது. ஆனால் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும்.

"சிஸ்டர், எம் பொண்ணு இன்னா வேல பாக்குறா தெரியுமா?" என்று முதல் நாளே கேட்டார் அஸ்மத்துன்னிசா. "டப்பா துருப்புடிக்குதான்னு பாத்துக்கினு கீறா. அதுக்கு சம்பளம் வேற."

"அம்மி, அது டப்பா இல்ல. கலன்," என்றாள் ஃபிர்தௌஸ், தலைமுக்காட்டில் ஊக்கு குத்திக்கொண்டே.

"மூடி போட்டா டப்பாதான். போடி."

கொட்டிவாக்கத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு சிறிய தனியார் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. ஃபிர்தௌஸ் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இளவயதில் அங்கே சேர்ந்தவள். கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை, வேலை நிலைத்தது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போவாள். நான் அந்த வீட்டுக்குப் போன ஆண்டு அவளுக்கு ஓய்வு பெறும் ஆண்டு.

அவள் வேலை என்னவென்று அவளே எனக்குச் சொன்னாள். அணு உலையில் மிஞ்சும் கழிவு சூடாக இருக்கும். யாரும் பக்கத்தில் போக முடியாது. எத்தனையோ தலைமுறைக்கு அதன் நஞ்சு போகாது. அதைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலனில் ஊற்றி, மூடியைப் பற்றவைத்து, கடைசியில் பூமிக்கடியில் ஆழத்தில் இறக்குவதாகத் திட்டம். அதற்கு முன் சூடு தணிய வேண்டும். அதுவரை கலன்கள் பல பத்தாண்டுகள் தரைக்கு மேலே கிடங்கில் நிற்கும். கிடங்கு கடலோரத்தில் இருந்தால் உப்புக் காற்று எஃகை என்ன செய்யும்? இதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்கம் ஒரு கொட்டகை. மழை படாது, கடல்காற்று படும். அதற்குள் ஆள் உயரத்தில் ஒரு மாதிரிக் கலன். உள்ளே கழிவு எதுவும் கிடையாது. கழிவின் சூட்டுக்குப் பதிலாக ஒரு ஹீட்டர், அவ்வளவுதான்.

"எவர்சில்வர் துருப்புடிக்காதுன்னு சொல்றது பொய் சிஸ்டர்," என்றாள். "அதுக்கு மேல ஒரு தோலு கீது. கண்ணுக்குத் தெரியாது. உப்பு ஒரே எடத்துல ஒக்காந்துக்கினு ஈரத்த இழுத்துச்சுன்னா அந்தத் தோலு விட்டுரும். வெளிய ஊசிமுனை அளவு, உள்ள பெரிய குழி. குழியிலேருந்து விரிசல் ஓடும்."

எனக்கு அது எளிதில் புரிந்தது. படுக்கைப் புண்ணும் அப்படித்தான் தொடங்கும்.

கொட்டகைக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கலனை யாரும் துடைக்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது. காற்று கொண்டுவரும் தூசும் உப்பும் எப்படிப் படிகிறதோ அப்படியே இருக்க வேண்டும். கைரேகையில் இருக்கும் வியர்வை உப்புகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். பெருக்க வந்த பெண்ணின் கையை, பார்க்க வந்த அதிகாரியின் கையை, ஒருமுறை ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் ஸ்ரீரங்கனின் கையையே தட்டி விட்டிருக்கிறாள். வாரம் ஒருமுறை நாலு பக்கமும் படம் எடுப்பாள். வீட்டுக்கு வந்தால் நேர்மாறு. தட்டு டம்ளர் எல்லாவற்றையும் ஈரம் போகும்வரை துடைத்துத் துடைத்து அடுக்குவாள்.

"அங்க தொடைக்காத கையி, இங்க வந்து அரிக்குது அவளுக்கு," என்பார் அம்மா.

இந்தச் சட்டத்தை அவளே மீறினாள். மூன்று ஆண்டுகளுக்கு முன், கலனைக் கொட்டகையில் நிறுத்திய புதிதில், ஆயுத பூஜை அன்று.

நம் ஊரில் எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். முந்தின நாளே இயந்திரங்களைக் கழுவி வைத்து, பூஜையன்று சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பூ சுற்றுவார்கள். பொரி, கடலை, சுண்டல் வரும். ஃபிர்தௌஸுக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. சாம்பிராணித் தட்டைப் பிடிப்பாள், பொரியைப் பொட்டலம் கட்டி அம்மாவுக்குக் கொண்டுவருவாள். அந்த வருடம் ஷ்ரேயா என்ற ஆராய்ச்சி மாணவி புதிதாகச் சேர்ந்திருந்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தராசு, அடுப்பு, நுண்ணோக்கி, தண்ணீர் சுத்தம் செய்யும் பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள்.

"இதுக்கு வேண்டாம்ப்பா," என்றாள் பின்னால் வந்தவர்களிடம். "இது ஃபிர்தௌஸ் மேடம் வீட்டு டப்பா. பொட்டு வெச்சா கோச்சுக்கும். பாய் வீட்டு டப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. பொரி தின்றுகொண்டிருந்த ஸ்ரீரங்கனும் சிரித்தார். ஃபிர்தௌஸும் சிரித்தாள்.

அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை: தொடக் கூடாது. தினமும் சொல்லும் வார்த்தைதான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. அன்றைக்குச் சொன்னால் அது சட்டமாகக் கேட்காது, வேறு மாதிரிக் கேட்கும் என்று தோன்றியது. எத்தனையோ வருடம் ஒன்றாகச் சோற்றுப் பாத்திரம் திறந்த இடத்தில், தன் பொருள் மட்டும் தனியாக நிற்பதா என்றும் தோன்றியது.

"யார்மா சொன்னது கோச்சுக்கும்னு? குடு இப்டி," என்று கிண்ணத்தை வாங்கினாள். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, கலனின் மூடிக்குச் சற்றுக் கீழே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் நன்றாக வட்டமாக வைத்தாள். அதன்மேல் குங்குமம். எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் படம் எடுக்கப் போனபோதுதான் செய்தது என்னவென்று உறைத்தது. சூட்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. படத்தில் பொட்டு தெரியும். சிரிப்பார்கள். காய்ந்த தூரிகையை எடுத்துச் சுரண்டி உதிர்த்துவிட்டு, படம் எடுத்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடல்காற்று நாலே வாரத்தில் அந்த இடத்தை மூடிவிட்டது. பொட்டு வைத்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். உதிர்த்தது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

சென்ற ஆகஸ்டில் கலனைக் கழற்றிப் பார்த்தார்கள். தூசைச் சேகரித்து, மேற்பரப்பை முறைப்படி சுத்தம் செய்து, விரிசல் பார்க்கும் சோதனை நடந்தது. சிவப்புச் சாயத்தைப் பூசி, சற்று நேரம் ஊற விட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசலுக்குள் போய் ஒளிந்திருக்கும் சாயம் வெள்ளையில் கசிந்து வெளியே வரும். கலன் முழுதும் வெள்ளையாக நின்றது. மூடியைப் பற்றவைத்த வெல்டு வரிக்குச் சற்றுக் கீழே ஒரே ஓர் இடத்தில், புள்ளி புள்ளியாகச் சிவப்பு வந்தது. புள்ளிகள் சேர்ந்து வட்டமாயின. அதிலிருந்து ஒரு கோடு வெல்டை நோக்கி ஏறியது.

"குங்குமம் மாதிரியே வந்துச்சு சிஸ்டர். நான் வெச்ச எடத்துல, நான் வெச்ச அளவுல."

பக்கத்தில் நின்ற ஸ்ரீரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெல்டுக்குப் பக்கத்துல. சரிதான், வெல்டு சரியில்லை. யார் பண்ணது?"

"கலீமுல்லா," என்றாள் ஷ்ரேயா. "நம்ம ஃபிர்தௌஸ் மேடம் கூட்டிண்டு வந்தவர்."

"ஓ. உங்க ஆளா?" என்று ஸ்ரீரங்கன் ஃபிர்தௌஸைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். வேறு எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் குழாயடியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாயம் எப்போதோ போய்விட்டது. தண்ணீர் வீணாகிறது என்று நான்தான் குழாயை மூடினேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சந்தனத்த எந்தத் தண்ணில கொழச்சாங்க தெரியுமா? எங்க கொழாயில. கொட்டிவாக்கம் போர் தண்ணி, வாயில வெச்சா கரிக்கும். உப்புத் தண்ணியில சந்தனத்தக் கொழச்சு, சூடா இருக்கற எவர்சில்வர்ல அப்பி வெச்சேன். அத சொரண்டினப்ப மேல இருந்தது போச்சு, உப்பு போகல. இதப் பண்ணக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ நானு."

"வெல்டு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"சுத்திலும் ஒரு கொறை இல்ல. பொட்டுக்குக் கீழ மட்டும்தான்."

"அப்படியென்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாளைக்குத் தலைவரிடம் தனியாகப் போய்ச் சொல்."

"பொட்டுன்னு எப்டி சிஸ்டர் சொல்லுவேன்?" என்றாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "திருடினேன்னு சொல்றது சுலபம்."

உள்ளேயிருந்து அம்மா கத்தினார். "இன்னாடி குசுகுசுன்னு? டப்பா ஓட்டையாயிடுச்சா?"

"ஆமா அம்மி."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் அஸ்மத்துன்னிசா. அவருக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் ஸ்ரீரங்கனின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர் என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள். லஸ் பக்கம் பழைய குடும்பம். அவள் அம்மா விழுந்தபோது மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்கோ, ஃபிர்தௌஸ். இதை வேற யாருக்காவது சொன்னேளா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்கோ. யோசிச்சுப் பாருங்கோ. பணம் குடுத்தவா அடுத்த வாரம் வரா. அணுக் கழிவுக் கலன்ல இவா பொட்டு வெச்சா, ஓட்டை விழுந்துதுன்னு வெளியில போனா, ஊரே சிரிக்கும். நான் எங்காத்துல கூடத் தலைகாட்ட முடியாது. அதுவும், வெச்சது யாருன்னு கேப்பா. நீங்கன்னு சொன்னா…" அவர் நிறுத்தினார். "ஒருத்தன் ஒரு மாதிரி பேசுவான். இன்னொருத்தன் வேணும்னே கெடுத்தாள்னு பேசுவான். எனக்கு உங்களைத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? ரிட்டயர் ஆற நேரத்துல எதுக்கு?"

"கலீமுல்லா சார்?"

"வெல்டு தரம் போறலைன்னு ஒரு வரி எழுதுவோம். இனிமே வேற இடத்துல குடுப்போம். அவருக்கு வேற வேலையா இல்லை? இரும்பு கேட்டு, கிரில்லுன்னு செஞ்சு குடுத்துப் பொழைச்சுப்பார்."

அவர் சொன்னது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது கால் லேசாக இருந்ததாம். ரயிலில் வரும்போதுதான் அந்த நிம்மதி அவளுக்கு அசிங்கமாகப் பட்டதாம். அன்று இரவு சாப்பிடவில்லை என்று அம்மா மறுநாள் என்னிடம் புகார் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை இல்லை. அம்மாவுக்குச் சளி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கலீமுல்லா வந்தார். கிண்டிப் பக்கம் சிறிய பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பை நிறைய சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். பட்டறைக்காரர்கள் வெள்ளைச் சட்டை போட்டால் கல்யாணம், இல்லையென்றால் மன்னிப்பு.

"ஆபா," என்றார் வாசலிலேயே நின்று. மூத்த சகோதரியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மாப் பண்ணிருங்க ஆபா. ஒங்க பேரக் கெடுத்துட்டேன்."

ஃபிர்தௌஸ் அசையாமல் நின்றாள். நான்தான் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. வெள்ளிக்கிழம மீட்டிங்குக்கு வரச் சொன்னாங்க. என் வெல்டு தப்பா போச்சுன்னு சொன்னாங்க. நான் எதுத்துப் பேசல. ஆபா முன்னாடி செஞ்ச வேல, ஆபாவே பாத்து விரிசல்னு சொன்னா விரிசல்தான். கையி முன்ன மாதிரி இல்ல போலக்கீது. ஆர்கான் வெல்டிங் வேல எடுக்கறத நிறுத்திட்டேன். கேட்டு, கிரில்லு வேல மட்டும் பாருடான்னு பையன்ட்ட சொல்லிட்டேன்."

"எத்தன நாளாச்சு நிறுத்தி?" என்று கேட்டாள் ஃபிர்தௌஸ்.

"போன் வந்த அன்னிக்கே."

கட்டிலில் இருந்து அஸ்மத்துன்னிசா தலையைத் தூக்கினார். "யாருடா அது, கரீமுல்லா மவன் கலீமா? டப்பாவ ஓட்ட பண்ணது நீதானா?"

"நான்தான் காலா," என்றார் அவர், சித்தி முறை வைத்து. சிரிக்கப் பார்த்தார்.

"இந்தக் காலத்துல எவனுக்குக் கையில வேல கீது!"

ஃபிர்தௌஸ் சமையலறைக்குள் போய்விட்டாள். டீ போடப் போனாள் என்று நினைத்தோம். நான் போய்ப் பார்த்தபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். டீயை நான்தான் போட்டேன். அவர் குடித்துவிட்டு, சாத்துக்குடிப் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது தன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டார். அதை ஃபிர்தௌஸும் பார்த்தாள்.

"இப்பவே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"இங்க சொன்னா அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர தப்பு சொன்னது எல்லார் முன்னாடியும். இதுவும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்," என்றாள். சாத்துக்குடியை அவள் தொடவில்லை. அம்மாவுக்கு நான் சாறு பிழிந்து கொடுத்தேன். பழம் என்ன பாவம் செய்தது?

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். அதனால் நம்புகிறேன்.

நீள மேசை. பணம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பேர், ஸ்ரீரங்கன், ஷ்ரேயா, ஃபிர்தௌஸ். கலீமுல்லா மேசையில் உட்காரவில்லை. கதவருகே ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஷ்ரேயா திரையில் படங்களைக் காட்டிப் பேசினாள். சிவப்பு வட்டம் திரை முழுதும் பெரிதாக வந்தது. வெல்டு தரம் என்ற வரியில் வந்து நின்றாள். ஸ்ரீரங்கன் ஃபிர்தௌஸைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

ஃபிர்தௌஸ் எழுந்தாள்.

"வெல்டுல தப்பு இல்ல சார். அந்த எடத்துல நான் சந்தனம் வெச்சேன். குங்குமமும். ஆயுத பூஜைக்கு. ரெண்டு நாள் கழிச்சுப் படத்துல தெரியக்கூடாதுன்னு தூரிகையால சொரண்டிட்டேன். எங்க போர் தண்ணி உப்பு. அதுதான் அரிச்சுது. குழிக்குள்ள இருக்கறத எடுத்துப் பாருங்க. குங்குமத்துல சுண்ணாம்பு கீது, அது அங்க தெரியும்."

வந்திருந்த மூவரில் ஒருவர் குலுங்கிச் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சாரி… அணுக் கழிவுக்கே பூஜை போட்டுட்டீங்களா?" பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். மூன்றாமவர் சிரிக்கவில்லை. அவள் முக்காட்டைப் பார்த்தார்.

"பொட்டு வெச்சது… நீங்களா?"

"நான்தான்."

"நீங்க எதுக்கும்மா வெக்கணும்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பதில் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தாள். அந்தப் பதிலில் ஷ்ரேயாவின் பெயர் இருந்தது. ஷ்ரேயா எதிரே திரைக்குப் பக்கத்தில், முகத்தில் அந்தச் சிவப்பு வெளிச்சம் விழ நின்றிருந்தாள். அந்த நிமிடத்தில்தான் அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாத்துக்கும் வெச்சாங்க," என்றாள் ஃபிர்தௌஸ். "என்னுது மட்டும் தனியா நிக்க வேணாம்னு வெச்சேன்."

சிரித்தவரின் சிரிப்பு நின்றது. ஸ்ரீரங்கன் குடித்து முடித்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாங்கள்லாம் அங்கதான் இருந்தோம்," என்றார் மெல்ல. "யாரும் தடுக்கலை." முந்தின வாரம் அவள் தன்னிடம் வந்து சொன்னதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

குழிக்குள் இருந்ததைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். கடல் உப்பில் வருவதைவிட எத்தனையோ மடங்கு சுண்ணாம்பு இருந்தது. வெல்டு பற்றிய வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு வேலை வீண். புதுக் கலன் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அதைவிட மோசம் சிரிப்புதான். கேன்டீனில் தட்டை வைத்தால், "மேடம், சாம்பாருக்குப் பொட்டு வெச்சிடாதீங்க" என்றான் ஒருத்தன். விஷயம் எப்படியோ மயிலாப்பூர் வரை வந்துவிட்டது. சந்தில் இறைச்சிக் கடைக்காரர் கேட்டார், "இன்னாமா, குங்குமம் வெச்சீங்களாமே?" கேலியா, குற்றமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் சுற்று வழியாகக் கடைக்குப் போய்வந்தாள்.

கலீமுல்லா அன்று கூட்டம் முடிந்ததும் எழுந்து போய்விட்டார். படியில் அவள் பின்னால் ஓடினாள்.

"மாப் பண்ணுங்க கலீம்."

அவர் திரும்பினார். "ஞாயித்துக்கெழம ஒங்க ஊட்ல ஒக்காந்து டீ குடிச்சேனே ஆபா. நான் மாப் கேட்டேன். நீங்க கேட்டுக்கினு நின்னீங்க."

அவர் போய்விட்டார்.

புதுக் கலனுக்கான வேலை அவருக்கே வந்தது. செய்துகொடுத்தார். ஆனால் எது கேட்பதென்றாலும் ஷ்ரேயாவிடம் கேட்டார். அவள் எதிரே வந்தால் சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நியாயம்தான் என்றாள் ஃபிர்தௌஸ். நானும் நியாயம்தான் என்றேன். ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அவளுக்கு அங்கே அதுதான் கடைசிப் பூஜை. அன்று லீவு போட்டுவிடலாம் என்று காலையில் என் முன்னால் இரண்டு முறை சொன்னாள். அம்மா விடவில்லை. "பொரி யாரு கொண்டாருவா? சுண்டலு? போடி!"

போனாள். புதுக் கலன் கொட்டகையில் ஏறி நின்றது. கலீமுல்லா அடியில் தாங்கியின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே மணி அடித்தது, சாம்பிராணி வாசம் வந்தது. ஷ்ரேயா சந்தனக் கிண்ணத்தோடு தராசிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வந்தாள். அவளுக்குப் பின்னால் அதே கூட்டம், கையில் அதே பொரி. கொட்டகைக்கு முன்னால் வந்து கூட்டம் தானாக நின்றது. எல்லோரும் ஃபிர்தௌஸைப் பார்த்தார்கள்.

அவள் வாசலில் நின்றாள். முகம் எரிந்தது என்றாள்.

"இதுக்கு வேணாம். தொடக் கூடாது," என்றாள்.

"ஏன் மேடம், கோச்சுக்குமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இல்லப்பா, மேடம் கை ராசி அப்பிடி!" என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்தது. ஷ்ரேயா மட்டும் திரும்பி, "சும்மா இருங்கோப்பா," என்றாள். யாரும் சும்மா இருக்கவில்லை.

ஃபிர்தௌஸ் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாராவது விளையாட்டாகக் கையை நீட்டினால் தட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனத்தில் இருந்தது.

பின்னால் கருவிகளைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. கலீமுல்லா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க ஆபா," என்றார். வாசலில் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பூஜை முடிந்து கூட்டம் கலையும்வரை நின்றார். பிறகு போய்த் தாங்கியை முறுக்கினார்.

மாலையில் பொரிப் பொட்டலத்தோடு வந்து இதைச் சொன்னாள். அம்மா சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம்.

"அப்படியானால் மன்னித்துவிட்டாரா?" என்று கேட்டேன்.

ஃபிர்தௌஸ் முக்காட்டு ஊக்கைக் கழற்றினாள். "அதெல்லாம் ஒண்ணும் சொல்லல சிஸ்டர்," என்றாள். "நிக்க எடம் கேட்டாரு. குடுத்தேன்."